மற்ற பிள்ளைகளோடு உட்கார்ந்தால்

திங்கட்கிழமை காலையில் வீரலட்சுமி டீச்சர் ஒரு பித்தளை மணி, ஒரு விசில், இரண்டு தேங்காய்ச் சிரட்டை, புளியங்கொட்டை போட்ட ஒரு தகர டப்பா எல்லாவற்றையும் துணிப்பைக்குள் திணித்துக்கொண்டு சாத்தூரில் பஸ் ஏறினாள். பஸ் குலுங்கும்போதெல்லாம் பைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், "என்ன டீச்சர், கோயில் கொடைக்கா போறீக?" என்று கேட்டாள்.

"பாடத்துக்கும்மா" என்றாள் வீரலட்சுமி. சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண், மூக்கு, நாக்கு எல்லாம் போன வாரத்தோடு முடிந்திருந்தது. இந்த வாரம் பிள்ளைகளுக்குக் காது.

பள்ளிக்கூடம் வெம்பக்கோட்டைக்குத் தெற்கே கரிசல்காட்டுக்குள் இருந்தது. தலைமையாசிரியர் ஜெயச்சந்திரனும் அவளும்தான் ஆசிரியர்கள். மேல் வகுப்புகள் அவருக்கு, ஒன்றும் இரண்டும் இவளுக்கு. முந்தைய வருடம்தான் பாடம் நடத்தும் முறையையே அரசாங்கம் மாற்றியிருந்தது. பெஞ்சுகள் போய்ப் பாய்கள் வந்தன. சுவரைச் சுற்றிப் பிள்ளைகளின் உயரத்துக்குக் கரும்பலகை அடித்து ஆளுக்கொரு கட்டம் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். புத்தகத்துக்குப் பதில் படம் போட்ட அட்டைகள். சுவரில் ஏணி வரைந்த ஒரு பெரிய தாள்; ஒரு அட்டையை முடித்த பிள்ளை ஏணியில் அடுத்த படிக்குப் போகும். முந்துகிற பிள்ளை பிந்துகிற பிள்ளைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஜெயச்சந்திரன் சாருக்கு இந்த முறை பிடிக்கவில்லை. வீரலட்சுமிக்குப் பிடித்திருந்தது. ஜூன் மாதம் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து பிள்ளைகள் ஒவ்வொரு படியாக ஏறுவதைப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது.

ஆனால் ஆவணி பிறந்ததும் அந்தச் சந்தோஷம் குறைந்துவிட்டது. தீபாவளி சீசன். பட்டாசுக் கம்பெனி வேன் விடியும் முன்னே வந்து தாய்மார்களை ஏற்றிக்கொண்டு போனது. பொழுது சாய்ந்த பிறகுதான் அவர்களைக் கொண்டுவந்து விட்டது. வீட்டில் மிச்சமிருந்தவர்கள் வெடிக்கான காகிதக் குழாய் உருட்டினார்கள். கம்பியில் தாளைச் சுற்றி, பசை தடவி, உருவிக் காயப்போட வேண்டும். சின்ன விரல்களுக்கு அது சுலபமாக வந்தது. பிள்ளைகள் விரலிடுக்கில் காய்ந்த பசையோடு பள்ளிக்கூடம் வந்து, பாயில் உட்கார்ந்ததும் தூங்கி விழுந்தன. சில பிள்ளைகள் வருவதே இல்லை.

தவறாமல் வருகிற பிள்ளைகளில் ஒருத்தி மாரிசெல்வி. இரண்டாம் வகுப்பு. எண்ணெய் தேய்த்து, இறுக்கிப் பின்னி, சட்டைப் பொத்தான்கள் எல்லாம் மாட்டி வருவாள். யாரைப் பார்த்தாலும் சிரிப்பாள். ஆனால் ஏணியில் அவள் இன்னும் முதல் வகுப்புக்காரர்களோடு அடிப்படிகளில்தான் நின்றாள். "இது என்ன எழுத்து, சொல்லு" என்றால் டீச்சரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு சிரிப்பாள். எப்போதாவது பேசினால் வாய்க்குள்ளேயே கொழகொழவென்று ஏதோ வரும். முன்பிருந்த டீச்சர் மாற்றலாகிப் போகும்போதே சொல்லிவிட்டுப் போயிருந்தார்: "அந்தப் பிள்ளை கொஞ்சம் மந்தம். அதோட மல்லுக்கட்டாதீங்க."

மதியத்துக்கு முன்னால் வீரலட்சுமி பிள்ளைகளைச் சுவரைப் பார்த்து உட்காரச் சொன்னாள். யாரும் திரும்பக் கூடாது. பின்னால் சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும், என்ன சத்தம் என்று சொல்ல வேண்டும். தூங்கி வழிந்த பிள்ளைகள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தன. மணியை அடித்தாள். கைகள் உயர்ந்தன. "கோயில் மணி டீச்சர்." சிரட்டைகளைத் தட்டினாள். "குதிர." குதிரையை நேரில் பார்த்த பிள்ளை ஒன்றுமில்லை, ஆனால் எல்லோரும் குதிரை என்றார்கள். டப்பாவைக் குலுக்கினாள். "மழ பேயுது டீச்சர்." அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மாரிசெல்வியின் கையும் உயர்ந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் மற்றக் கைகளுக்குப் பிறகு, ஒரு மூச்சு தாமதித்து உயர்ந்தது. வீரலட்சுமி கவனித்தாள். மாரிசெல்விக்குப் பக்கத்தில் எப்போதும் உட்காருகிற ஓவியா, சத்தம் கேட்டதும் தன் வலக்கையைத் தூக்கினாள். இடது முழங்கையால் மாரிசெல்வியின் விலாவில் ஒரு இடி இடித்தாள்.

வீரலட்சுமி ஓவியாவைத் தன் பக்கத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டாள். மறுபடி மணியை அடித்தாள். எல்லாக் கைகளும் உயர்ந்தன, மாரிசெல்வியின் கை உயரவில்லை. கிட்டே போய், அவளுடைய பின்னலுக்குப் பின்னாலேயே நின்று விசிலை ஊதினாள். பக்கத்துப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டன. மேல் வகுப்பிலிருந்து ஜெயச்சந்திரன் சார் எட்டிப் பார்த்தார். மாரிசெல்வி சுவரில் ஊர்ந்துகொண்டிருந்த ஒரு எறும்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வீரலட்சுமி விசிலை வாயிலிருந்து எடுத்தாள்.

"அவளுக்குக் காது கேக்காதுல்ல டீச்சர்" என்றாள் ஓவியா. வானம் மேலே இருக்கிறது என்பதுபோலச் சொன்னாள்.

"உனக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும்" என்றான் முன்னால் இருந்த ஒருவன்.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

பிள்ளைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. "நீங்க கேக்கலயே டீச்சர்" என்றாள் ஓவியா.

சாப்பாட்டு நேரத்தில் ஜெயச்சந்திரன் சாரிடம் சொன்னாள். அவர் தூக்குவாளியைத் திறந்தார். "மந்தம்னுல்ல நெனச்சோம்" என்றார். "பாவம். சரி, இப்ப என்ன செய்யப்போறீங்க?"

"அவ அம்மாகிட்டச் சொல்லணும் சார். அவங்களுக்கே தெரியலயோ என்னமோ. வியாழக்கிழமை சிவகாசியில முகாம் இருக்கு. காது டாக்டர் வர்றாராம். கூட்டிட்டுப் போகலாம்."

"சீசன்ல அந்தம்மா லீவு போட்டு வரும்னு நெனைக்கிறீங்களா? இந்த ஊர்ல நான் ரொம்ப வருசமா இருக்கேன் டீச்சர். நாம ஒண்ணைத் தூக்கி நிறுத்தப் போவோம், அது வேற பக்கமாச் சாயும். பாத்துச் செய்யுங்க."

அவர் தடுக்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சு அவளுக்கு எரிச்சலாக இருந்தது. ஓய்வு பெறப்போகிற மனிதர், வேறு எப்படிப் பேசுவார் என்று நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் வழக்கமான பஸ்ஸை விட்டுவிட்டுக் காலனிக்குப் போனாள். மாரிசெல்வி முன்னால் ஓடினாள். வீட்டு முற்றத்தில் காகிதக் குழாய்கள் சாக்கில் பரப்பிக் காய்ந்தன. மாரிசெல்வியின் தகப்பன் இருளாண்டி எழுந்து, தோள் துண்டால் ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டான். அவன் முந்தி வெடிக்கு வைக்கிற கருந்திரி தயாரிக்கிற ரூமில் வேலை பார்த்தவன். இழுப்பு வந்து மூச்சுக்குக் கஷ்டப்பட்ட பிறகு வீட்டிலிருந்தே குழாய் உருட்டினான். வேன் வரும்வரை "அவ வரட்டும் டீச்சர்" என்பதையே இரண்டு மூன்று தடவை சொன்னான்.

வேனிலிருந்து இறங்கி வந்தாள் சின்னத்தாய். முகம், கழுத்து, கை, சேலை எல்லாம் அலுமினியப் பொடி ஒட்டி வெள்ளியாய் மின்னியது. டீச்சரைப் பார்த்ததும் அவள் நடை தயங்கியது.

"வாங்க டீச்சர். பிள்ள எதுவும் செஞ்சுட்டாளா?"

"ஒண்ணும் செய்யல. நான் ஒரு விஷயம் சொல்லணும். எப்படிச் சொல்றதுன்னு தெரியல. மாரிசெல்விக்கு…"

"காது கேக்கல" என்றாள் சின்னத்தாய். சொல்லிவிட்டுக் குடத்துப் பக்கம் போய், இரண்டு கை தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டாள். மாரிசெல்வி அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு டீச்சரைப் பார்த்துச் சிரித்தாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"பெத்தவளுக்குத் தெரியாம இருக்குமா டீச்சர்."

பிறகு சின்னத்தாய் முற்றத்திலேயே உட்கார்ந்து சொன்னாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே சீசன். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் கம்பெனிக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். சின்னப் பிள்ளைகள் உள்ளே வரக் கூடாது. ஆனாலும் வாட்ச்மேன் கண்டுகொள்ள மாட்டார். காம்பவுண்டுக்குள் ஒரு புங்க மரத்தடியில் சோற்று வாளிகளுக்குக் காவலாகப் பிள்ளையை உட்கார வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். மதியம் மரத்துக்கு எதிரே இருந்த வெடிமருந்து ரூம் வெடித்தது. உள்ளே இருந்த இரண்டு பொம்பளைகளும் போய்விட்டார்கள்.

"நான் ஓடி வாரேன், இவ மரத்தடியில அப்படியே உக்காந்திருக்கா. மேல ஒரு கீறல் இல்ல டீச்சர். ஆத்தா காப்பாத்திட்டான்னு தூக்கிக்கிட்டு வந்தேன். விடிஞ்சு கூப்பிடுறேன், திரும்பல."

"ஆஸ்பத்திரிக்குப் போகலயா?"

"போர்மேன் வந்தாரு. உள்ள பிள்ள இருந்துச்சுன்னு வெளிய தெரிஞ்சா கேசு ஆயிரும், கம்பெனியவே பூட்டிருவாக, இம்புட்டுச் சனத்துக்கும் சோறு போயிரும்னாரு. சத்தத்துல காது அடச்சிருக்கு, நாளாக நாளாகத் தானே திறந்துக்கிடும்னு சொன்னாரு. பூண்டு போட்டு எண்ணெ காச்சி ஊத்தினோம். கொஞ்ச நாள்ல சரியாயிரும் சரியாயிரும்னு…" அவள் மகளின் தலையைத் தடவினாள். "பள்ளிக்கூடத்துல மத்த பிள்ளைக கூட உக்காந்தா, அதுக பேச்சு காதுல விளுந்து விளுந்து, அடச்சது திறந்துரும்னுதான் டீச்சர் ஒரு நா விடாம அனுப்புறேன். உங்ககிட்டச் சொன்னா இந்தப் பிள்ள இங்க வேண்டாம்னுருவீகளோன்னு சொல்லல."

வீரலட்சுமிக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். அதை அடக்கிக்கொண்டு முகாமைப் பற்றிச் சொன்னாள். டாக்டர் இருப்பார், மெஷின் வைத்துச் சோதிப்பார்கள், எல்லாம் இலவசம், எப்படிக் காது போனது என்று யாரும் கேட்க மாட்டார்கள், நானும் கூட வருகிறேன்.

"காது திறந்துருமா டீச்சர்?" என்று கேட்டாள் சின்னத்தாய்.

"பார்க்கட்டும்மா. பார்த்தாத்தானே தெரியும்."

அந்தப் பதிலைச் சின்னத்தாய் வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள் என்பது வீரலட்சுமிக்கு அப்போது தெரியவில்லை. இருளாண்டிதான் சொன்னான்: "போயிட்டு வா. ஒரு நா சம்பளந்தானே."

செவ்வாயும் புதனும் வீரலட்சுமி வேலை பார்த்த வருடங்களிலேயே நல்ல நாட்கள். மாரிசெல்வியைத் தன் எதிரே, வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி உட்கார வைத்தாள். ஒரு படத்தைக் காட்டுவாள், வாயை நன்றாகத் திறந்து சொல்லுவாள், எழுத்தைக் காட்டுவாள். பிள்ளை வாயைப் பார்க்கும், எழுத்தைப் பார்க்கும், கரும்பலகையில் தன் கட்டத்துக்கு ஓடிப்போய் எழுதும். கேட்காமல் போன இரண்டு வருடத்தில் அவளுக்கு மறந்துகொண்டே வந்த சொற்கள் எங்கேயோ உள்ளே கிடந்திருக்க வேண்டும். எழுத்தைப் பார்த்ததும் அவை ஒவ்வொன்றாக மேலே வந்தன. படம். மடம். பட்டம். முந்தைய மாதமெல்லாம் ஏறாத படிகளை ஒரே நாளில் ஏறினாள்.

புதன்கிழமை வீரலட்சுமி பழைய அட்டைகளின் பின்பக்கத்தில் வகுப்பிலிருந்த பொருள்களின் பெயர்களை எழுதிக் கொடுத்தாள். மாரிசெல்வி கதவில் 'கதவு' என்ற அட்டையை வைத்தாள், குடத்தில் குடத்தை வைத்தாள், பாயில் பாயை வைத்தாள். வைக்கும்போது ஒவ்வொன்றையும் உரக்கச் சொன்னாள். தன் குரல் தனக்குக் கேட்காததால் அது எங்கெங்கோ ஏறி இறங்கியது. பிள்ளைகள் சிரித்தன. ஓவியா அவர்களை முறைத்தாள். மாரிசெல்விக்கு எதுவும் தெரியாது; அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். அட்டைகள் தீர்ந்ததும் டீச்சரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மின்விசிறியைக் காட்டினாள். அதற்கு ஒரு அட்டை வேண்டும். ஜன்னலுக்கு, சத்துணவு ஆயாவின் கரண்டிக்கு, வெளியே கட்டிக் கிடந்த வெள்ளாட்டுக்கு. வீரலட்சுமி எழுதி எழுதிக் கை ஓய்ந்தாள். அன்றைக்கு மணி அடித்தபோது வீட்டுக்குப் போக மனசில்லாமல் இருந்தவர்கள் அந்த வகுப்பில் இருவர்.

"சார், வந்து பாருங்க" என்று ஜெயச்சந்திரன் சாரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் வெள்ளாட்டின் கொம்பில் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டிருந்த அட்டையைப் படித்துவிட்டு, முதல் தடவையாகச் சத்தம் போட்டுச் சிரித்தார்.

வியாழக்கிழமை காலை சிவகாசி பஸ்ஸில் சின்னத்தாயை அடையாளம் தெரியவில்லை. மஞ்சள் பூசிக் குளித்து, பொங்கலுக்கு எடுத்த சேலை கட்டியிருந்தாள். மாரிசெல்விக்குப் பட்டுப் பாவாடை, தலை நிறையக் கனகாம்பரம். மடியில் ஒரு சின்ன டப்பாவில் விபூதி. நேற்று மாரியம்மன் கோயிலில் வேண்டிக்கொண்டு வந்ததாகச் சொன்னாள்.

"நேத்து இவ ஒவ்வொண்ணாப் பேர் சொல்லிச் சொல்லிக் காமிக்கா டீச்சர். கதவுங்கா, குடமுங்கா. அவுக அளுதுட்டாக. பேச்சு வந்துருச்சே, காதும் பின்னாலேயே வந்துரும்னு சொன்னேன்."

"அது காதால வந்ததில்ல சின்னத்தாயி. கண்ணால வந்தது."

"எப்படியோ வந்துருச்சுல்ல" என்றாள் சின்னத்தாய். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முகம் மலர்ந்து இருந்தது.

முகாம் ஒரு பள்ளிக்கூடத்து மண்டபத்தில் நடந்தது. கால் சூம்பிய பிள்ளைகள், கண் தெரியாத பிள்ளைகள், தலை நிற்காமல் தாயின் தோளில் சாய்ந்து கிடந்த பிள்ளைகள். காது பரிசோதிப்பவர் கண்ணாடி போட்ட ஒரு இளைஞர், பொறுமைசாலி. கதவைச் சாத்திவிட்டு மாரிசெல்வியின் தலையில் ஹெட்போனை மாட்டினார். சத்தம் கேட்டால் ஒரு பாசிமணியை எடுத்துத் தட்டில் போட வேண்டும் என்று சைகையில் காட்டினார். மாரிசெல்வி மணியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வாயையே பார்த்தாள். அவர் தன் வாயைக் கையால் மறைத்துக்கொண்டார். பிள்ளை அம்மாவைப் பார்த்தது, டீச்சரைப் பார்த்தது, ஓவியாவைத் தேடுவதுபோலப் பக்கத்தில் பார்த்தது. மணி கையிலேயே இருந்தது. சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார். கடைசியில் ஒரே ஒரு மணி தட்டில் விழுந்தது. அது சத்தம் கேட்டு விழுந்ததா, தானாக விழுந்ததா என்று அவருக்கும் நிச்சயமில்லை.

பிறகு சட்டைப் பைக்குள் வைக்கிற மாதிரி ஒரு சின்னப் பெட்டியை எடுத்து, அதிலிருந்து வந்த வயரைப் பிள்ளையின் காதில் செருகித் திருகினார். மேஜையை ஓங்கித் தட்டினார். மாரிசெல்வி உதறிக்கொண்டு எழுந்தாள். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

சின்னத்தாய் பாய்ந்து போய் மகளை அணைத்துக்கொண்டாள். "கேட்டுருச்சு டீச்சர். பாத்தீகளா, கேட்டுருச்சு. ஏளா மாரி, அம்மா பேசுறேன், கேக்குதா தாயி? அம்மா சொல்றது கேக்குதா?"

மாரிசெல்வி வயரைப் பிடுங்கி எறிந்தாள்.

"அம்மா, உக்காருங்க" என்றார் அந்த இளைஞர். "பெரிய சத்தம் மட்டும், அதுவும் ஒரு காதுல லேசா, அதிர்வு மாதிரி தெரியுது. பேச்சு கேக்காதும்மா. மெஷின் வச்சாலும் பேச்சு பிரிஞ்சு தெரியாது. உள்ள நரம்பு போயிருச்சு."

"நாளாக நாளாக?"

"இல்லம்மா."

"மருந்து, மாத்திரை எதுவும்?"

"இல்லம்மா. இனிமே வராது."

அவர் அதைக் கனிவாகத்தான் சொன்னார். மதுரையில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன, விடுதியோடு சேர்த்துக்கொள்வார்கள், கெட்டிக்காரப் பிள்ளையாகத் தெரிகிறாள், சீக்கிரம் சேர்த்துவிடுங்கள் என்று எவ்வளவோ சொன்னார். வீரலட்சுமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். சின்னத்தாய் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. அவள் மகளுடைய தலையிலிருந்து நழுவிய கனகாம்பரத்தைத் திரும்பத் திரும்பச் சரி செய்துகொண்டிருந்தாள்.

திரும்பும் பஸ் நாரணாபுரம் தாண்டியது. பிள்ளை அம்மா மடியில் தூங்கிப்போயிருந்தது. வீரலட்சுமிதான் மதுரைப் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஆரம்பித்தாள்.

"அங்க போனா காது வருமா?" என்று கேட்டாள் சின்னத்தாய்.

"வராது. ஆனா படிக்கலாம். கையால பேசக் கத்துக் கொடுப்பாங்க. அவளை மாதிரியே நிறையப் பிள்ளைங்க இருக்கும்."

"அவள மாதிரியே" என்றாள் சின்னத்தாய்.

வெள்ளிக்கிழமை மாரிசெல்வி வரவில்லை. அலைச்சலில் காய்ச்சல் அடித்திருக்கும் என்று வீரலட்சுமி நினைத்தாள். அன்றைக்கு வகுப்பில் தொடு உணர்வு பாடம்; ஒரு பைக்குள் கையை விட்டு, பார்க்காமலேயே பஞ்சு எது, கல் எது, இலை எது என்று சொல்ல வேண்டும். பிள்ளைகள் கையை விட்டுத் தடவித் தப்புத் தப்பாகச் சொன்னார்கள். பசை காய்ந்து தோல் உரிந்த விரல்களுக்குப் பஞ்சும் துணியும் ஒன்றாகவே இருந்தன. அவள் சீக்கிரமே பையைச் சுருட்டி வைத்துவிட்டாள். சாயங்காலம் ஓவியாவிடம் கேட்டாள்.

"அவ இனிமே வர மாட்டாளாம் டீச்சர்" என்றாள் ஓவியா.

சனிக்கிழமை விடுமுறை. அவள் வீட்டுக்காரர், "லீவு நாள்லயும் அந்த ஊருக்கா?" என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் பஸ் ஏறினாள். காலனியில் மாரிசெல்வியின் வீட்டு முற்றத்தில் பிள்ளையும் தகப்பனும் எதிரெதிரே உட்கார்ந்து குழாய் உருட்டிக்கொண்டிருந்தார்கள். சின்னத்தாயும் இருந்தாள்; வியாழக்கிழமை லீவு போட்டதற்காகப் போர்மேன் அந்த வாரம் முழுக்க வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

மாரிசெல்வி டீச்சரைப் பார்த்துவிட்டாள். கம்பியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வீட்டுக்குள் ஓடினாள்.

"உக்காருங்க டீச்சர்" என்றான் இருளாண்டி. "நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீக. நாங்க ஒரு குத்தமும் சொல்லல. ஆனா பள்ளிக்கூடத்துலருந்து பேர எடுத்துருங்க."

"ஏன்? அவ எப்படிப் படிக்கிறான்னு நீங்களே பார்த்தீங்க. ரெண்டு நாள்ல எங்க போயிட்டா தெரியுமா? மதுரைக்கு அனுப்ப மனசில்லன்னா வேண்டாம். நானே சொல்லித்தாரேன். அஞ்சாவதுவரைக்கும் இங்கயே இருக்கட்டும்."

"பிறகு?"

"பிறகு…" என்று தொடங்கினாள் வீரலட்சுமி. அவளே எப்போது மாற்றலாகிப் போவாள் என்று அவளுக்குத் தெரியாது.

சின்னத்தாய் கையிலிருந்த குழாயை உருவிச் சாக்கில் வைத்தாள். நிதானமாகத்தான் பேசினாள். "அவள நான் படிக்கன்னு அனுப்பல டீச்சர். காது திறக்கும்னு அனுப்பினேன். ரெண்டு வருசமா தெனம் விடிய ஒரு தடவ அவ முதுகுக்குப் பின்னால நின்னு கூப்பிட்டுப் பாப்பேன். இன்னைக்குத் திரும்பிருவா, இன்னைக்குத் திரும்பிருவான்னு. அந்த நெனப்புலதான் தல சீவி, சட்ட போட்டு அனுப்புவேன். இப்ப டாக்டரே வராதுன்னுட்டாரு. நேத்தும் இன்னைக்கும் கூப்பிட்டுப் பாக்கல. கூப்பிட்டு என்ன செய்ய?"

"சின்னத்தாயி, காது இல்லாமலே…"

"காது கேக்காத பொட்டப்பிள்ள அசலூர்ல போயி, கெட்டது எவன் செஞ்சாலும் கத்தத் தெரியாது. இங்கன இருந்தாலும் அஞ்சு படிச்சுட்டுக் குளாய்தான் உருட்டணும். காது கேக்குற பிள்ளைகளே அதத்தான டீச்சர் செய்யுதுக. அத இப்பவே செய்யட்டும். பளக்கமாயிரும். அவுகளுக்கும் மூச்சு முட்டுது, ஒத்தாசையா இருக்கும்."

வீரலட்சுமிக்குச் சொல்ல நிறைய இருந்தது. சட்டம் இருக்கிறது, அதிகாரிகள் இருக்கிறார்கள், வீட்டுக்கு வந்து கேட்பார்கள் என்று சொல்லலாம். சொன்னால் இவர்கள் ஊரை மாற்றிக்கொண்டு எம். புதுப்பட்டிப் பக்கம் போய்விடுவார்கள்; அங்கே அந்தப் பிள்ளையை யாருக்கும் தெரியாது. திங்கட்கிழமை அவள் அந்த விசிலை எடுத்துக்கொண்டு வராமல் இருந்திருந்தால், பிள்ளை இன்னும் ஓவியா பக்கத்தில் பாயில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கும், ஒரு எழுத்தும் தெரியாமல். எது தேவலை என்று யோசிக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

அப்போது மாரிசெல்வி வெளியே வந்தாள். பாவாடைக்கு மேலே பள்ளிக்கூடச் சட்டையை மாட்டியிருந்தாள். பொத்தான்களை அவளே போட்டிருந்ததால் ஒன்று மாறி ஒன்று விழுந்து சட்டை கோணலாக இருந்தது. முகம் கழுவி, ஈரத்தோடு திருநீறு பூசியிருந்தாள். நேரே வந்து டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள். போகலாம் என்பதுபோல் ஒரு இழுப்பு இழுத்தாள்.

இருளாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினான். வீரலட்சுமி இன்னொரு கையால் பிள்ளையின் பொத்தான்களைக் கழற்றிச் சரியாக மாட்டிவிட்டாள். செய்வதற்கு வேறெதுவும் தோன்றாததால் அதைச் செய்தாள்.

சின்னத்தாய் எழுந்து வந்து மகளின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். இன்றைக்கு இல்லை என்று கையை ஆட்டினாள். பிள்ளை டீச்சரைப் பார்த்தது. வீரலட்சுமி தலையை மேலும் கீழும் அசைக்கவும் இல்லை, இடமும் வலமும் அசைக்கவும் இல்லை. சின்னத்தாய் மெதுவாக அந்தக் கையை டீச்சரின் கையிலிருந்து விடுவித்தாள். மாரிசெல்வி ஒன்றும் அடம்பிடிக்கவில்லை. அடுத்த நாள் போகலாம் என்று புரிந்துகொண்டாளோ என்னவோ, சிரித்தாள். சட்டையைக் கழற்றாமலேயே தகப்பனுக்கு எதிரே போய் உட்கார்ந்து, கம்பியை எடுத்துத் தாளைச் சுற்றத் தொடங்கினாள். விரல்கள் வேகமாக ஓடின. இதிலும் அவள் சீக்கிரம் கற்றுக்கொள்கிற பிள்ளைதான்.

"காப்பி போடட்டுமா டீச்சர்?" என்று கேட்டாள் சின்னத்தாய்.

"வேண்டாம்."

"கோவிச்சுக்கிடாதீக."

"இல்ல" என்றாள் வீரலட்சுமி.

பேரை எடுக்க ஜெயச்சந்திரன் சார் ஒத்துக்கொள்ள மாட்டார். பிள்ளைகள் குறைந்தால் ஒரு ஆசிரியரை வேறு ஊருக்குத் தூக்கிவிடுவார்கள். அதனால் வருகைப் பதிவேட்டில் மாரிசெல்வி தினமும் பள்ளிக்கூடம் வருவதாகவே இருக்கும். அதைச் சொன்னபோது சின்னத்தாய், "இருந்துட்டுப் போகட்டும், அதனால என்ன" என்றாள்.

மெயின் ரோட்டுக்கு வந்தபோது உச்சி வெயில். ரோட்டோரத்துக் கம்பெனிகளில் லோடு ஏற்ற லாரிகள் வரிசையாக நின்றன. சாத்தூர் பஸ் வந்தது. கூட்டம் இல்லை. வீரலட்சுமி ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்தாள். கண்டக்டர் வந்து எந்த ஊர் என்று கேட்டார். அவள் அவர் முகத்தைப் பார்த்தபடி இருந்தாள். அவர் மறுபடி கேட்டார். பிறகு சற்றுக் குரலை உயர்த்தி, "எங்க டீச்சர் போகணும்?" என்றார்.

"சாத்தூர்" என்றாள். திங்கட்கிழமைக்கு என்ன பாடம் என்று நினைத்துப் பார்க்க முயன்றாள். செடியின் பாகங்கள். வேரோடு ஒரு செடியைப் பிடுங்கிக்கொண்டு போக வேண்டும்.